வயரிங் விதிமுறைத் தேர்வு: என் கணக்கில் 6 ஸ்கொயர், விடைத்தாளில் 10

கொடிக்கம்பம்:
விதிமுறைத் தேர்வுக்குப் படிக்கிறேன். புத்தகம் ஐஇசி 60364 (கட்டட வயரிங்குக்கான சர்வதேச விதிமுறை) அமைப்பில் உள்ளது, தேர்வு அறைக்குள் எடுத்துப்போகலாம். மாதிரி வினாத்தாளில் ஒரு கணக்கு மட்டும் உதைக்குது.

230 வோல்ட், சிங்கிள் பேஸ், 5.5 கிலோவாட் சுமை, பவர் ஃபேக்டர் 1. பி வகை 32 ஆம்பியர் எம்சிபி (தானே விழும் பிரேக்கர்). சிங்கிள் கோர் பிவிசி செம்பு வயர், சுவர்மேல் ஓடும் பைப்புக்குள். அதே பைப்பில் மொத்தம் 3 சர்க்யூட். சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி. நீளம் 24 மீட்டர். ஓவர்லோடு பாதுகாப்பு வேண்டும். குறைந்தபட்ச அளவு என்ன? 2.5, 4, 6, 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) என்று நாலு விடை.

நான் போட்டது: 5500 / 230 = 23.9 ஆம்பியர். 40 டிகிரிக்கு வெப்பக் காரணி 0.87, ஒரே பைப்பில் 3 சர்க்யூட் ஓடுவதற்குக் கூட்டக் காரணி 0.70, பெருக்கினால் 0.609. 23.9 / 0.609 = 39.3. பி1 முறை (சுவர்மேல் பைப்புக்குள் வயர்) அட்டவணையில் 6 ஸ்கொயருக்கு 41 ஆம்பியர் இருக்கு, போதுமே. ஆனா விடை 10ங்கறாங்க. அச்சுப்பிழையா?

தாமிரநூல்:
அச்சுப்பிழை இல்லை. காரணிகள் சரி, வகுத்ததும் சரி. பலர் 32-ஐ 0.609-ஆல் பெருக்கி 19.5 என்று எடுத்து 2.5 ஸ்கொயரில் போய் விழுவார்கள். அந்தக் குழியை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மேலே எந்த எண்ணைப் போட்டீர்கள் என்பதில்தான் தவறு.

விதி இது: சுமையின் மின்னோட்டம் ≤ பிரேக்கரின் மதிப்பு ≤ திருத்தத்துக்குப் பிறகு வயர் தாங்கும் அளவு. வயரைக் காப்பது பிரேக்கர். சுமை 23.9 ஆம்பியர்தான் என்றாலும் பிரேக்கர் 32 வரை எவ்வளவு நேரமானாலும் விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே வயர் 32-ஐத் தாங்க வேண்டும். 32 / 0.609 = 52.5. பி1 முறையில் 6 ஸ்கொயர் 41, 10 ஸ்கொயர் 57. விடை 10.

உங்கள் 6 ஸ்கொயர் அந்தப் பைப்புக்குள் உண்மையில் தாங்குவது 41 × 0.609 = 25 ஆம்பியர்தான். அதன்மேல் 32 ஆம்பியர் பிரேக்கரை உட்கார வைத்தால் 25க்கும் 32க்கும் நடுவில் வயரைக் காக்க யாருமே இல்லை. உடனே தீப்பிடிக்காது. பிவிசி 70 டிகிரியைத் தாண்டி ஓடும், இறுகும், சில வருடங்களில் வளைவுகளில் வெடிக்கும்.

சுருள்கம்பி:
ஒரு நிமிஷம். 5.5 கிலோவாட், பவர் ஃபேக்டர் 1ன்னா அது ஹீட்டர்தானே? ஹீட்டர் ஓவர்லோடு ஆகவே ஆகாது. எலிமென்ட் இழுக்கிறது எப்பவும் 23.9தான். போனா ஷார்ட் ஆகும், இல்லேன்னா அறுந்துபோகும். விதி 433.3ல அப்படிப்பட்ட சுமைக்கு ஓவர்லோடு பாதுகாப்பையே விட்டுடலாம்னு இருக்கு. அப்போ 6 ஸ்கொயர் தப்பில்லையே.

தாமிரநூல்:
நல்ல கேள்வி. நிலையாகப் பொருத்திய, தன்னால் ஓவர்லோடு ஆக முடியாத சுமைக்கு அந்தச் சலுகை உண்டு. அப்போது சுமை மின்னோட்டத்தை வைத்தே வயரைத் தேர்ந்தெடுக்கலாம். ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து பிரேக்கர் வயரைக் காக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியில் ‘ஓவர்லோடு பாதுகாப்பு வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைச் சும்மா போடவில்லை, இந்த வழியை அடைக்கத்தான் போட்டிருக்கிறார்கள். இதே கணக்கு அந்த வரி இல்லாமல், ‘நிலையான ஹீட்டர்’ என்று வந்தால் விடை மாறலாம். கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள்.

கொடிக்கம்பம்:
புரிஞ்சது. அப்போ பிரேக்கரை 25 ஆக்கிட்டா 6 ஸ்கொயர் போதுமா?

தாமிரநூல்:
போட்டுப் பாருங்கள். 25 / 0.609 = 41.05. அட்டவணையில் 41. தேர்வில் 0.05 ஆம்பியருக்காகவும் தோல்விதான்! சைட்டில் இதற்கு வழி வயரைப் பெருக்குவதில் இல்லை, கூட்டத்தைக் கலைப்பதில் இருக்கிறது. ஒரு சர்க்யூட்டை வேறு பைப்புக்கு மாற்றினால் காரணி 0.70-இலிருந்து 0.80 ஆகும். 0.87 × 0.80 = 0.696, 25 / 0.696 = 35.9. இப்போது 6 ஸ்கொயர் தாராளம். 32 ஆம்பியர் பிரேக்கர் என்றால் அப்போதும் 46 கேட்கும், 10தான்.

கூட்டத்தில் உள்ள ஒரு சர்க்யூட் தன் தாங்குதிறனில் 30 சதவீதத்துக்கு மேல் ஓடாது என்றால் அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. கண்ட்ரோல் வயர், சிறிய விளக்கு சர்க்யூட் எல்லாம் இப்படி விலகும். அடிக்குறிப்பிலிருந்து கேள்வி எடுப்பது வினாத்தாள் எழுதித் தருபவர்களுக்குப் பிடித்த வேலை.

காரணிகளில் வழுக்கும் இடம் இன்னும் இரண்டு. 40 டிகிரிக்கு பிவிசி 0.87, எக்ஸ்எல்பிஈ (90 டிகிரி தாங்கும் இன்சுலேஷன்) 0.91, பக்கத்துப் பக்கத்துப் பத்தி, அவசரத்தில் கண் மாறிவிடும். 90 டிகிரி கேபிளைக் கொண்டுபோய் 70 டிகிரி டெர்மினலில் முடுக்கினால் 70 டிகிரிப் பத்தியில்தான் அளவு பார்க்க வேண்டும். அடுத்தது, கம்பி கட்டும் பழைய ஃபியூஸ். எம்சிபி 1.45 மடங்கில் கட்டாயம் விழும் என்பதால் மேலே சொன்ன விதியே போதும். அந்த ஃபியூஸ் உருக ஏறக்குறைய 2 மடங்கு வேண்டும். 1.45 / 2 = 0.725, அதையும் கீழே சேர்த்து வகுக்க வேண்டும். 0.725 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

பூமிமுனை:
வயர் அளவோடு கணக்கு முடிவதில்லை. இதே கேள்வியை அடுத்த பக்கத்தில் ‘மின்னழுத்த இழப்பு எவ்வளவு, எர்த் லூப் சரியா’ என்று நீட்டுவார்கள். அதையும் போட்டுவிடுவோம்.

மின்னழுத்த இழப்புக்கு மட்டும் சுமை மின்னோட்டம், அதாவது 23.9. இங்கே 32-ஐப் போட்டால் தவறு. மேலே பிரேக்கர், இங்கே சுமை என்று மாறுவதுதான் குழப்பம். 10 ஸ்கொயருக்கு ஆம்பியருக்கும் மீட்டருக்கும் 4.4 மில்லி வோல்ட். 4.4 × 23.9 × 24 / 1000 = 2.5 வோல்ட். பொது மின்வழங்கலிலிருந்து வரும் நிறுவலில் விளக்குக்கு 3 சதவீதம் (6.9 வோல்ட்), மற்றவைக்கு 5 சதவீதம் (11.5 வோல்ட்). தேறிவிட்டது. அந்த மில்லி வோல்ட் எண்ணில் போகும் வயர், திரும்பும் வயர் இரண்டுமே அடங்கும். 24-ஐ 48 ஆக்கினால் இருமுறை எண்ணியதாகிவிடும்.

எர்த் லூப், அதாவது ஃபால்ட் மின்னோட்டம் பேஸில் போய் எர்த்தில் திரும்பும் முழுச் சுற்றின் தடை: எர்த் வயர் 4 ஸ்கொயர், வெளி லூப் (சப்ளை பக்கத் தடை) 0.35 ஓம் என்று கொடுத்ததாக வைப்போம். 20 டிகிரியில் 10 ஸ்கொயர் செம்பு மீட்டருக்கு 1.83 மில்லி ஓம், 4 ஸ்கொயர் 4.61. கூட்டினால் 6.44. 24 மீட்டருக்கு 0.155 ஓம். ஓடும் வயர் சூடாக இருக்கும், ஆகவே 70 டிகிரி பிவிசிக்கு 1.20-ஆல் பெருக்க வேண்டும்: 0.186. மொத்தம் 0.35 + 0.186 = 0.54 ஓம்.

பிரேக்கர் உடனடியாக விழ, பி வகைக்கு மதிப்பில் 5 மடங்கு, சி வகைக்கு 10, டி வகைக்கு 20 வேண்டும். 32 ஆம்பியருக்கு 160, 320, 640. 230-ஐ இவற்றால் வகுத்தால் 1.44, 0.72, 0.36 ஓம். நம் 0.54 பி, சி இரண்டுக்கும் போதும். டி வகைக்குப் போதாது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது விழுகிறதே என்று சி-யை எடுத்துவிட்டு டி-யைப் போடுபவர்கள் இந்த ஒரு வரியைப் பார்ப்பதில்லை. மோட்டார் நிம்மதியாக ஓடும். எர்த் ஃபால்ட் வந்தால்தான் தெரியும்: 230 / 0.54 = 426 ஆம்பியர் ஓடும், டி 32-ன் காந்தப் பகுதி 640 வரை உறுதி தராது, தெர்மல் பகுதி சில விநாடி எடுத்துக்கொள்ளும். அதுவரை கருவியின் உடலில் ஆபத்தான வோல்டேஜ்.

எவ்வளவு நேரத்துக்குள் துண்டிக்க வேண்டும் என்பது அட்டவணை 41.1. 230 வோல்ட் கடைசிச் சர்க்யூட்டுக்கு டிஎன் அமைப்பில் (எர்த் சப்ளையிலிருந்தே வயராக வரும்) 0.4 விநாடி, டிடி அமைப்பில் (எர்த் சொந்த எலக்ட்ரோடு வழியாக மண்ணுக்குப் போகும்) 0.2. டிபி-க்குப் (சர்க்யூட்கள் பிரியும் பலகை) போகும் சப்ளை சர்க்யூட்டுக்கு 5 விநாடியும் 1 விநாடியும்.

4 ஸ்கொயர் எர்த் வயர் போதுமா? அளவுக்கு அளவு போடும் அட்டவணைப்படி 16 ஸ்கொயர் வரை எர்த்தும் பேஸ் அளவே, அதாவது 10. அதைவிடக் குறைக்க வேண்டுமென்றால் கணக்கு காட்ட வேண்டும்: √(மின்னோட்டம்² × நேரம்) / கே (வயரின் உலோகத்தையும் இன்சுலேஷனையும் பொறுத்த எண்). 426 ஆம்பியர், 0.1 விநாடி, கே 115. 134.7 / 115 = 1.17 ஸ்கொயர். 4 ஏராளம். கே எண்ணில் கவனம்: பிவிசி செம்பு மற்ற வயர்களோடு சேர்ந்து ஒரே பைப்பில் ஓடினால் 115, தனியாக ஓடினால் 143. 0.1 விநாடிக்கும் குறைவாகத் துண்டித்தால் இந்த நேரக்கணக்கு செல்லாது. பிரேக்கர் உள்ளே விடும் ஆற்றலைத் தயாரிப்பாளர் பட்டியலில் பார்த்துப் போட வேண்டும்.

சுருள்கம்பி:
அப்போ மீட்டர்ல 1.40 ஓம் காட்டினா பி32 பாஸா? 1.44க்குக் கீழதானே?

பூமிமுனை:
இல்லை. 1.44 சூடான வயருக்கான எல்லை. நீங்கள் அளப்பது குளிர்ந்த வயரை. ஐஇசி 60364-6-ன் பின்னிணைப்பு சொல்வது, அளந்த எண் எல்லையில் மூன்றில் இரண்டுக்குள் இருக்க வேண்டும்: 0.96 ஓம். பிஎஸ் 7671 (பிரிட்டன் விதிமுறை) வழியில் படிப்பவர்களுக்குக் கணக்கு வேறு: அங்கே 230-ஐ முதலில் 0.95-ஆல் குறைத்து எல்லையே 1.37 ஆகிவிடும், அளந்த எண் அதில் 80 சதவீதம், சுமார் 1.10. இரண்டையும் கலக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி விடைகள் எந்தப் புத்தகத்துக்கானவை என்று முதலில் பாருங்கள், 1.37 தென்பட்டால் அது பிஎஸ் 7671.

மூன்றுகட்டம்:
புத்தகத்தோடு போகும் தேர்வு எளிது என்று நினைத்துத்தான் பலர் விழுகிறார்கள். 60 கேள்வி, 2 மணி நேரம் என்று வைத்தால் கேள்விக்கு 2 நிமிடம். பொருளடக்கத்தைப் புரட்டவே ஒரு நிமிடம் போய்விடும்.

எண்ணிலேயே முகவரி இருக்கிறது. 411.3.2.2 என்றால் பாகம் 4, அத்தியாயம் 41, பிரிவு 411. பாகம் 4 என்றால் பாதுகாப்பு: 41 ஷாக், 42 வெப்பமும் தீயும், 43 ஓவர்கரண்ட், 44 மிகை மின்னழுத்தம். பாகம் 5 சாமான் தேர்வும் பொருத்துதலும்: 52 வயரிங், 53 பிரேக்கர் ஸ்விட்ச் வகையறா, 54 எர்த்திங். பாகம் 6 சோதனை. பாகம் 7 சிறப்பு இடங்கள்: 701 குளியலறை, 702 நீச்சல்குளம், 704 கட்டுமான இடம், 705 விவசாயம், 710 மருத்துவ இடம், 712 சோலார், 722 மின்வாகன சார்ஜிங். கேள்வியைப் படித்ததும் ‘இது 54’ என்று வாய் சொல்ல வேண்டும். பிறகு கை தானே அந்த இடத்துக்குப் போகும்.

பாகம் 7-ஐப் பற்றி ஒன்று. அது பொதுவிதிகளை ரத்து செய்யாது, அவற்றின்மேல் சேர்க்கும் அல்லது மாற்றும். குளியலறைக் கேள்விக்கு 701-இல் விடை இல்லையென்றால் 41-க்குத் திரும்ப வேண்டும், ‘விதி இல்லை’ என்று குறித்துவிடக் கூடாது.

ஒட்டுச்சீட்டு பத்துக்கு மேல் வேண்டாம். நாற்பது ஒட்டினால் எதுவும் ஒட்டாததுபோலத்தான். 41.1, மின்னோட்ட அட்டவணை, வெப்பம், கூட்டம், எர்த் அளவு, கே எண்கள், இன்சுலேஷன் எல்லை, மின்னழுத்த இழப்பு, 701-இன் மண்டலப் படம். இவை போதும்.

விதியின் வினைச்சொல்லையும் பாருங்கள். ‘வேண்டும்’ என்றால் கட்டாயம், ‘லாம்’ என்றால் அனுமதி. பின்னிணைப்பில் ‘தகவலுக்கு’ என்று போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. மேலே சொன்ன 3 சதவீதம், 5 சதவீதம் ஐஇசியில் அப்படிப்பட்ட பின்னிணைப்பில்தான் இருக்கிறது. ‘பின்வருவனவற்றில் கட்டாய விதி எது’ என்று கேட்டால் இது உதவும்.

பதிப்பையும் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (எர்த் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி) கட்டாயமான சாக்கெட் 2005 பதிப்பில் 20 ஆம்பியர் வரை. 2017 திருத்தத்தில் 32 வரை. பழைய வினாத்தாளை வைத்துப் படித்தால் சரியான விடைக்குத் தவறு வாங்குவீர்கள்.

கொடிக்கம்பம்:
சோதனைப் பகுதியில் வரிசை கேட்கிறாங்க. எது முதல்ல, எது அப்புறம்னு மனப்பாடம் நிக்கவே மாட்டேங்குது.

மெகர்மன்னன்:
மனப்பாடம் வேண்டாம் தம்பி, காரணம் பிடிச்சுக்கோங்க. முதல்ல கண்டினியூட்டி, கம்பி அறாம ஓடுதான்னு. எர்த் வயர் நடுவுல அறுந்திருந்தா, பேஸுக்கும் எர்த்துக்கும் மெகர் (இன்சுலேஷன் தடை அளக்கும் மீட்டர்) வச்சாலும் அறுந்த இடத்துக்கு அப்பால இருக்கிற கசிவு தெரியவே தெரியாது. 500 மெகா ஓம்னு காட்டி ஏமாத்தும். அதனால கண்டினியூட்டி உறுதியான பிறகுதான் இன்சுலேஷன். அப்புறம் போலாரிட்டி, பேஸும் நியூட்ரலும் இடம் மாறலையான்னு. இதுவரைக்கும் சப்ளை இல்லை. சப்ளை கொடுத்த பிறகு லூப், ஆர்சிடி, பேஸ் வரிசை, ஸ்விட்ச் இன்டர்லாக் எல்லாம். எர்த் இருக்கான்னு தெரியாமலே சப்ளை கொடுக்கக் கூடாதுங்கறதுதான் மொத்த வரிசையும்.

எண்கள்: 500 வோல்ட் வரை உள்ள சர்க்யூட்டுக்கு 500 வோல்ட் டிசி, குறைந்தது 1 மெகா ஓம். 500க்கு மேலன்னா 1000 வோல்ட், எல்லை அதே 1. செல்வ், பெல்வ் (பாதுகாப்பான மிகக் குறைந்த வோல்டேஜ்) சர்க்யூட்டுக்கு 250 வோல்ட், 0.5 மெகா ஓம். சர்ஜ் அரெஸ்டரை (மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) கழட்டணும். கழட்ட முடியலைன்னா 250 வோல்ட்ல சோதிக்கலாம், ஆனா எல்லை 1 மெகா ஓம்தான், 0.5 இல்லை. இந்த ரெண்டு 250ஐயும் குழப்பித்தான் கேள்வி வரும்.

கணக்கும் வரும். நாலு சர்க்யூட் 20, 20, 10, 5 மெகா ஓம். டிபி-ல சேர்த்து அளந்தா எவ்வளவு? சராசரி இல்லை, கூட்டல் இல்லை, இணைத் தடை. 0.05 + 0.05 + 0.1 + 0.2 = 0.4, தலைகீழா 2.5 மெகா ஓம். கேபிள் நீளம் ரெட்டிச்சா கம்பியோட தடை ரெட்டிக்கும், இன்சுலேஷன் தடை பாதியாகும். இது ரெண்டும் எதிர் எதிர்.

சுருள்கம்பி:
ஆர்சிடி சோதனை எண்ணையும் சொல்லிடுங்கண்ணே.

மெகர்மன்னன்:
30 மில்லி ஆம்பியர் சாதாரண வகைன்னா, பாதி மின்னோட்டத்துல, அதாவது 15ல விழக் கூடாது. 30ல 300 மில்லி விநாடிக்குள்ள. 150ல 40 மில்லி விநாடிக்குள்ள. எஸ் வகை தாமதம் உள்ளது, 1 மடங்கில் 130க்குக் குறையாம 500க்கு மிகாம. மேல (சப்ளை பக்கம்) எஸ் 300, கீழ (சுமை பக்கம்) 30ன்னு போட்டா கீழது மட்டும் விழும். ரெண்டுமே சாதாரண வகையா இருந்தா, மேல 100 கீழ 30ன்னு இருந்தாலும் ஃபால்ட்ல ரெண்டும் சேர்ந்து விழலாம்.

சோதனையில் பாஸ் ஆகி, சுமை போட்டதும் விழுதுன்னா முதல்ல நியூட்ரலைப் பாருங்க. ரெண்டு ஆர்சிடி-யோட நியூட்ரல் பார் மாறிப் போயிருக்கும். ஒண்ணோட பேஸ்ல போனது இன்னொண்ணோட நியூட்ரல்ல திரும்பும். சுமை இல்லாதவரைக்கும் ரெண்டும் சாதுவா உட்கார்ந்திருக்கும்.

பேஸையும் நியூட்ரலையும் ஒரே ஆள் பிடிச்சா ஆர்சிடி காப்பாத்தாது. நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியா ஓடும் டிஎன்-சி பகுதியில ஆர்சிடி போடவே கூடாது.

கொடிக்கம்பம்:
பாண்டிங் (உலோகங்களை எர்த்தோடு சேர்த்துக் கட்டுவது) கேள்வியில் ‘குளியல் தொட்டி உலோகம், குழாய்கள் பிளாஸ்டிக், பாண்டிங் வேண்டுமா’ன்னு இருக்கு. உலோகம்னாலே வேண்டும்னுதான் குறிச்சேன், தப்பு.

பூமிமுனை:
இரண்டு பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கருவியின் உலோக உறை ஒரு வகை: உள்ளே இன்சுலேஷன் போனால் அதில் மின்சாரம் வரும், அதற்கு எர்த். கட்டடத்துக்குள் வெளியிலிருந்து பூமியின் மின்னழுத்தத்தைக் கொண்டுவரும் உலோகம் இன்னொரு வகை: தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், கட்டடத்தின் இரும்புச் சட்டம். அதற்குத்தான் பாண்டிங். உங்கள் தொட்டி இரண்டிலும் சேராது. பிளாஸ்டிக் குழாயில் நிற்கும் தொட்டியைப் பாண்ட் செய்தால், இல்லாத எர்த்தை அதில் கொண்டுவந்து வைக்கிறீர்கள். ஈரக்கையோடு ஒருவர் பழுதான ஹேர் டிரையரைத் தொடும்போது மறுகைக்கு ஒரு நல்ல எர்த்.

சரி, இதைப் போட்டுக் காட்டுங்கள். டிடி அமைப்பு, எர்த் எலக்ட்ரோடு 180 ஓம், சி வகை 20 ஆம்பியர் எம்சிபி, 300 மில்லி ஆம்பியர் ஆர்சிடி. சரியா?

கொடிக்கம்பம்:
எலக்ட்ரோடு தடை × ஆர்சிடி மதிப்பு 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 180 × 0.3 = 54. தவறு. 100 மில்லி ஆம்பியர் போட்டா 18 வோல்ட், சரி. எம்சிபி-யை நம்ப முடியாது: 230 / 180 = 1.28 ஆம்பியர்தான் ஓடும், சி20 அதைச் சுமைன்னே நினைச்சுக்கும்.

பூமிமுனை:
சரி. 180-இல் எலக்ட்ரோடு மட்டுமா, எர்த் வயரும் சேர்ந்ததா என்று பாருங்கள். சூத்திரம் கேட்பது இரண்டின் கூட்டுத்தொகை. அந்த 100-க்குக் கீழே சாக்கெட் இருந்தால் அதற்கு 30 தனியாக வேண்டும்.